சிலம்பை உடைத்துப் பார்க்குமுன்



2025 ஜூன் மாதத்தில் இஸ்ரேலும், அதனையடுத்து அமெரிக்காவும் ஈரானின் அணு நிலையங்களின்மீது குண்டு வீசிய நாள் முதலாக, நமது மண்ணரை இளைஞர்களிடையே ஒரு வழக்கு நடந்து வருகிறது. பகைவன் கொடிய ஆயுதம் வைத்திருக்கிறான், அல்லது செய்துகொண்டிருக்கிறான் என்று ஒரு நாடு சந்தேகித்தால், அந்தச் சந்தேகத்தின் பேரில் முந்திக்கொண்டு போர் தொடுக்கலாமா என்பதே அவ்வழக்கு. பனியன் கம்பெனியில் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் தேநீர்க் கடையிலும் இதையே பேசுகிறார்கள். "வீட்டுக்குள் பாம்பு புகுந்துவிட்டது என்றால், அது கடிக்கட்டும் என்று காத்திருப்பீர்களா, சுவாமி?" என்று அவர்களுள் ஒருவர் நம்மைக் கேட்டார். நல்ல கேள்வி. எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று.

இதற்கு விடை காண ஈரானைவிட ஈராக்கே ஏற்றது. அங்கே வழக்கு முடிந்து, சாட்சிகளின் மெய்யும் பொய்யும் வெளிவந்துவிட்டன.

போர் வேண்டும் என்றவர்கள் ஒன்றுமில்லாததற்குக் கூச்சலிட்டவர்கள் அல்லர் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வோம். சதாம் உசேன் 1988 மார்ச் 16-இல் ஹலப்ஜா என்னும் குர்து ஊரின்மீது நச்சுப் புகையை ஏவினார். ஏறக்குறைய 5,000 பேர் மாண்டனர். 1991 வளைகுடாப் போரில் தோற்றபின், ஆயுதங்களை ஒப்படைப்பதாக வாக்களித்துவிட்டு, நோய்க்கிருமி ஆயுதத் திட்டத்தை 1995 வரை மறைத்தும் வைத்தார். இப்படிப்பட்டவரின் வாய்ச்சொல்லை எவர் நம்புவர்? ஆகவே சந்தேகம் நியாயமானதே. ஆனால் நியாயமான சந்தேகமும் சந்தேகம்தான். அது சாட்சியம் ஆகிவிடாது.

பாம்பு புகுந்ததாக ஐயம் எழுந்தால் நாம் செய்வதென்ன? விளக்கை எடுத்துக்கொண்டு, பெட்டி படுக்கையை விலக்கித் தேடுகிறோம். குழந்தைகள் உள்ளே உறங்கிக்கொண்டிருக்க, கூரைக்குத் தீ வைப்பதில்லை. ஈராக்கில் அந்த விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் 1441-ஆம் தீர்மானத்தின்படி, ஹான்ஸ் பிளிக்ஸ் என்னும் சுவீடன் நாட்டவரின் தலைமையில் சோதனையாளர்கள் 2002 நவம்பரில் ஈராக்கினுள் நுழைந்தனர். நான்கு மாதத்திற்குள் 700-க்கும் மேற்பட்ட சோதனைகள் நடத்தினர். அனுமதிக்கப்பட்ட 150 கிலோமீட்டருக்கு மேல் பாயக்கூடிய ஏவுகணைகளைக் கண்டார்கள். 2003 மார்ச் முதல் நாளன்று அவற்றை அழிக்கவும் தொடங்கினார்கள். இன்னும் சில மாதங்கள் தேவை என்று பிளிக்ஸ் கேட்டார். அமெரிக்கப் படை வாசலில் வந்து நின்றதால்தான் சதாம் கதவைத் திறந்தார் என்று போர்க் கட்சியார் சொல்வார்கள். அது உண்மையே, அதை மறைக்கலாகாது. ஆனால் கதவு திறந்தபின், விளக்குப் பிடித்தவர்களை வெளியே வரச்சொல்லிவிட்டுத் தீ வைத்ததற்கு அது சமாதானம் ஆகுமா?

இத்தனைக்கும் விவாதம் நடக்காமல் இல்லை. அமெரிக்கக் காங்கிரசின் கீழ்ச்சபையில் 296-க்கு 133 என்றும், செனட் சபையில் 77-க்கு 23 என்றும் வாக்களித்துப் போருக்கு அதிகாரம் கொடுத்தார்கள். பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் 412-க்கு 149. கைகளை எண்ணினார்கள், சாட்சிகளைச் சோதித்தவர் சிலரே. 2003 பிப்ரவரி 5-ஆம் நாள் அமெரிக்க வெளிநாட்டு மந்திரி காலின் பவல் பாதுகாப்புச் சபையின்முன், லாரிகளில் ஊர் சுற்றும் கிருமி ஆயுதக் கூடங்களைப் பற்றி விவரித்தார். அதற்கு முதன்மையான ஆதாரம், ஜெர்மனியில் தஞ்சம் புகுந்திருந்த ஒரே ஓர் ஈராக்கியரின் வாய்ச்சொல். போருக்கு முன் அமெரிக்க அதிகாரிகள் அவரை நேரில் விசாரித்ததில்லை. தாம் சொன்னது பொய் என்று 2011-இல் அவரே பத்திரிகைக்கு ஒப்புக்கொண்டார்.

இதைப் படித்தபோது நமக்கு மதுரைதான் நினைவுக்கு வந்தது. அரசியின் சிலம்பைக் களவாடியவன் பொற்கொல்லன். ஆயினும் கோவலன்தான் கள்வன் என்று அவன் சொன்ன ஒரு சொல்லை நம்பிப் பாண்டியன் கொலைக்கு ஆணையிட்டான். சிலம்பை உடைத்துப் பார்த்தார்கள்தான். ஆனால் தலை விழுந்த பின்பு. உள்ளே முத்து இல்லை, மாணிக்கம் இருந்தது. பாண்டியனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: மாணிக்கத்தைக் கண்ட அக்கணமே அவன் அரியணையிலிருந்து விழுந்து இறந்தான். நம் காலத்தில் ஈராக்கின் சிலம்பை உடைத்துப் பார்க்க ஆயிரத்துக்கும் அதிகமானோர் கொண்ட குழு ஒன்றை அமெரிக்கா அனுப்பியது. நச்சு ஆயுதக் குவியல்கள் 1991-லேயே அழிக்கப்பட்டுவிட்டன என்று 2004 அக்டோபரில் அக்குழு அறிவித்தது. கிடைத்தவை பழைய, உளுத்துப்போன குண்டுகள் சில. அதற்காக எந்த அரியணையும் ஆடவில்லை. ஜனாதிபதி புஷ் அடுத்த மாதமே மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நிற்க. திருச்சபை அன்று என்ன சொல்லிற்று? மறைக்கல்வி நூலின் 2309-ஆம் எண்ணைப் புரட்டிப் பாருங்கள். ஆயுதம் ஏந்தித் தற்காத்துக்கொள்வதற்கு அங்கே வரிசையாக நிபந்தனைகள் உண்டு. எதிரி விளைவிக்கும் தீங்கு நிலையானதாகவும் கொடியதாகவும் இருந்தால் மட்டும் போதாது. ஐயத்துக்கு இடமின்றி உறுதியானதாகவும் இருத்தல் வேண்டும். மற்ற வழிகள் யாவும் பயனற்றவை என்று தெரிந்திருக்க வேண்டும். நீக்கப் புகுந்த தீமையைவிடப் பெரிய தீமையைப் போர் விளைவித்தலும் ஆகாது. முன்னெச்சரிக்கைப் போர் என்னும் கருத்தே அந்நூலில் இல்லை என்று 2002-இல் கர்தினால் இராட்சிங்கர் வெளிப்படையாகச் சொன்னார்; அவரே பின்னாளில் 16-ஆம் பெனடிக்ட். பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் கர்தினால் எச்செகராயைப் பாக்தாதுக்கும், கர்தினால் பியோ லாகியை வாஷிங்டனுக்கும் தூது அனுப்பினார். லாகி ஆண்டகை ஜனாதிபதியைச் சந்தித்தது 2003 மார்ச் 5; அன்று விபூதிப் புதன். பதினைந்து நாளில் போர் மூண்டது.

நமது தேசத்திற்கும் இவ்விவாதம் வந்து சேர்ந்தது. 2003 ஏப்ரலில் பாராளுமன்றம் தீர்மானம் நிறைவேற்ற முற்பட்டபோது, சண்டை ஒரு சொல்லைப் பற்றியதாக இருந்தது. வருந்துகிறோம் என்ற அளவில் நிறுத்தலாம் என்றது அரசாங்கம். கண்டிக்கிறோம் என்றே சொல்ல வேண்டும் என்றன எதிர்க்கட்சிகள். முடிவில் 'நிந்தா' என்ற இந்திச் சொல்லில் இருசாராரும் சமாதானம் ஆனார்கள். நமது பாடுகளின் தியானங்களில் அடிக்கடி கேட்கும் 'நிந்தை'தான் அது. அரசியல்வாதிகளின் சொற்சிலம்பம் என்று சிரிக்கத் தோன்றும். ஆயினும் அடுத்த சோதனை சொல்லோடு முடிவதாயில்லை. ஏறக்குறைய 17,000 இந்தியப் போர்வீரர்களை ஈராக்கிற்கு அனுப்புமாறு அமெரிக்கா கேட்டது.

அனுப்பினால் வல்லரசின் நட்பு கிடைக்கும், ஈராக்கைத் திரும்பக் கட்டும் காண்டிராக்டுகள் கிடைக்கும் என்று அறிவாளிகள் பலர் பத்திரிகைகளில் எழுதினர். அமெரிக்க ஆர்டரில் பிழைக்கும் நமது ஊருக்கு அந்த வாதத்தின் எடை புரியும். ஆயினும் யாருடைய பிள்ளைகள் யாருடைய சந்தேகத்திற்காகச் சாவது? 1916-இல் பிரிட்டிஷ் கொடியின்கீழ் அதே மண்ணில், கூட் நகர முற்றுகையில் பட்டினி கிடந்து சரணடைந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்களே. 2003 ஜூலை 14-ஆம் நாள் பிரதம மந்திரி வாஜ்பாயின் மந்திரிசபைக் குழு, ஐக்கிய நாடுகள் சபையின் தெளிவான ஆணையின்றிப் படை அனுப்புவதற்கில்லை என்று முடிவு செய்தது. சில மாநிலங்களில் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆகவே அது மனச்சான்று ஒன்றினாலேயே எடுத்த முடிவு என்று நாம் சொல்லப்போவதில்லை. எக்காரணத்தால் ஆயினும், அந்த 17,000 குடும்பங்களின் வாசலுக்கு ஈராக்கிலிருந்து தந்தி வரவில்லை.

ஈராக்கிலோ, ஒரு லட்சத்துக்கும் அதிகமான பொதுமக்கள் மாண்டனர். நீக்கப் புகுந்த தீமை எது, விளைந்த தீமை எது என்று எடைபோட விரும்புவோர், அந்நாட்டுக் கல்தேயக் கிறிஸ்தவர்களின் கதையையும் தராசில் வைக்கட்டும். மலையாள நாட்டுச் சீரோ மலபார் சபையினருக்கு வழிபாட்டு முறையில் உடன்பிறந்தோர் அவர்கள். 2003-க்கு முன் ஈராக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்கள் இருந்தனர். பின்னர் மூன்று லட்சத்துக்கும் கீழே குறைந்தனர் என்பது பொதுவான கணிப்பு. சதாமின் ஆட்சி வீழ்ந்த வெற்றிடத்தில் ஆயுதக் கும்பல்கள் முளைத்தன. மோசூல் பேராயர் பவுலோஸ் ரஹ்ஹோ 2008-இல் கடத்தப்பட்டுப் பிணமாகக் கிடைத்தார். 2014-இல் அந்நகரக் கிறிஸ்தவர்கள், மதம் மாறு, அல்லது வரி கட்டு, இல்லையேல் வெட்டுப்படு என்ற கட்டளைக்கு அஞ்சி, உடுத்திய துணியோடு வெளியேறினர். யோனாசின் சொல் கேட்டு மனந்திரும்பி, ஆண்டவரின் இரக்கத்தால் அழிவுக்குத் தப்பிய நினிவே மாநகர், அதே மோசூலின் ஆற்றங்கரையில்தான் இருந்தது. 2021 மார்ச் 7-ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் அங்கே சென்று, நான்கு கோவில்களின் இடிபாடுகளுக்கு நடுவே நின்று, இறந்தோருக்காகச் செபித்தார்.