மாத்திரைக்கு எத்தனை பெயர்கள்?



கத்திவாக்கத்தில் எங்கள் தெருவில் ஓர் ஆயா இருக்கிறார். கூடை சுமந்து மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அவருக்கு இரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது.

ஒருமுறை காய்ச்சலுக்காகத் தனியார் டாக்டர் ஒருவரிடம் போனார். அவர் இரத்த அழுத்தத்தையும் சோதித்து, அதற்கும் சேர்த்து எழுதிக் கொடுத்தார். கடையில் பதினைந்து மாத்திரைகளை வெட்டிக் கொடுத்தார்கள். அரசு தந்தது ஒன்று, கடையில் வாங்கியது ஒன்று எனத் தினமும் இரண்டையும் ஆயா விழுங்கி வந்தார். பத்து நாட்களில் கால்கள் வீங்கின. ஒரு நாள் காலை குழாயடியில் தலைசுற்றி விழுந்துவிட்டார்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் அவருடைய பேரன் இரண்டு அட்டைகளையும் என்னிடம் கொண்டு வந்தான். அரசு அட்டையில் ‘அம்லோடிபின் 5 மி.கி.’ என்று ஆங்கிலத்தில் தெளிவாக இருந்தது. கடை அட்டையில் வேறு ஏதோ பெயர் பளிச்சென்று தெரிந்தது. அதற்கு அருகில், கத்தரி வெட்டியது போக, ‘...டிபின் 5’ என்ற எழுத்துகள் மட்டும் மிஞ்சியிருந்தன. அந்த மூன்றெழுத்தே எங்களுக்குத் துப்பு. அட்டைகளுடன் அரசு மருத்துவமனைக்குப் போனோம். இரண்டும் ஒரே மருந்துதான், ஒன்று போதும் என்றார் டாக்டர்.

“கவருமெண்டு மாத்திரை ஒரு மாதிரி கீது, கடை மாத்திரை வேற மாதிரி கீது. ரெண்டும் ஒண்ணுன்னு எனக்கு எப்படித் தெரியும் தம்பி?” என்று கேட்டார் ஆயா.

நியாயமான கேள்வி அல்லவா? தவறு ஆயாவிடம் இல்லை. ஒரே பொருளைப் பல பெயர்களில் ஒளித்து வைக்கும் வழக்கத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

மூன்று பெயர்கள்

ஒவ்வொரு மருந்துக்கும் பொதுவாக மூன்று பெயர்கள் உண்டு. முதலாவது வேதிப்பெயர். காய்ச்சல் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள பொருள் பாரா-அசிட்டைல்-அமினோ-ஃபீனால். இந்த நீண்ட பெயரின் எழுத்துகளைப் பொறுக்கிச் சேர்த்ததே ‘பாரசிட்டமால்’. இது இரண்டாவது வகை, பொதுப்பெயர். அதே பொருளின் வேதிப்பெயரிலிருந்து அமெரிக்கர்கள் வேறு எழுத்துகளைப் பொறுக்கி ‘அசிட்டமினோஃபென்’ என்றார்கள். குரோசின், கால்பால், டோலோ என்பவை மூன்றாவது வகை. கம்பெனிகள் சூட்டிய வணிகப்பெயர்கள். அட்டை மாறினாலும் உள்ளே இருப்பது பாரசிட்டமால்தான்.

பொதுப்பெயர்களை நாடுகள் அனைத்துக்கும் ஒரே சீராக அமைக்கும் பணியை உலக சுகாதார நிறுவனம் 1950-ல் தொடங்கி, முதல் பட்டியலை 1953-ல் வெளியிட்டது. இப்பெயர்களில் ஓர் ஒழுங்கு உண்டு. அம்லோடிபின், நிஃபெடிபின் ஆகியவை ‘டிபின்’ குடும்பம். இரத்தக் குழாய்களைத் தளர்த்துபவை. அடினோலால், மெட்டோபுரோலால் ஆகியவை ‘ஓலால்’ குடும்பம். இதயத் துடிப்பைத் தணிப்பவை. தனிம அட்டவணையில் ஒரு தொகுதியைப் பார்த்ததும் அதன் பண்பை ஊகிக்கிறீர்களே, அதைப் போன்றதுதான் இதுவும். வணிகப்பெயரில் இந்த ஒழுங்கு இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அது நினைவில் நிற்பதற்காகவும் விற்பதற்காகவும் வைத்த பெயர்.

நம் பௌதிக ஆய்வுக்கூடத்தில் மின்தடையை அளக்கும்போது ‘செம்புக் கம்பி’ என்றுதான் குறிப்பேட்டில் எழுதுகிறோம். கம்பியை விற்ற கடையின் பெயரை எழுதினால் ஆசிரியர் ஒப்புக்கொள்வாரா? மருந்துச் சீட்டில் மட்டும் அதை ஏன் ஒப்புக்கொள்கிறோம்?

தரம் ஒன்றுதானா?

“விலை மலிவான மாத்திரை சரியாக வேலை செய்யுமா?” என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். செம்புக் கம்பியிலும் கலப்படம் உண்டல்லவா? ஆனால் தூய்மையை அறியப் பெயரைப் பார்ப்பதில்லை, அளந்து பார்க்கிறோம்.

மருந்துக்கும் அளவீடு உண்டு. மூல மருந்தையும், அதே மருந்தை வேறு கம்பெனி செய்த மாத்திரையையும் தன்னார்வலர்களுக்குக் கொடுத்து, இரத்தத்தில் மருந்தின் செறிவு நேரத்துக்கு நேரம் எப்படி மாறுகிறது என்று வரைபடம் போடுகிறார்கள். வளைகோட்டின் உச்சத்தையும், அதன் கீழுள்ள பரப்பையும் ஒப்பிடுகிறார்கள். இரண்டின் விகிதம், அளவீட்டின் பிழை எல்லையையும் சேர்த்து, 80 முதல் 125 சதவீதத்துக்குள் அடங்கினால்தான் இரண்டும் சமம். எளிதில் கரையாத மருந்துகள் பலவற்றுக்கு இச்சோதனையை இந்திய அரசு 2017-ல் கட்டாயமாக்கியது.

இன்னொரு செய்தி. நம் கடைகளில் வணிகப்பெயருடன் விற்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்தவர்கள் அவற்றை விற்கும் கம்பெனிகள் அல்லர். காப்புரிமை முடிந்த மருந்தை எடுத்து, தம் பெயரைச் சூட்டி விற்கிறார்கள். ஆகவே, பெயர் சூட்டிய மாத்திரைக்கும் சூட்டாத மாத்திரைக்கும் சோதனை ஒன்றுபோலவே வேண்டும்.

அண்டையிலும் நம்மிடத்திலும்

இலங்கையில் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே 1971-ல் அரசு மருந்துக் கூட்டுத்தாபனத்தை அமைத்து, தேவையற்ற மருந்துகளைக் குறைத்து, பொதுப்பெயரில் வாங்கும் முறையைக் கொண்டுவந்தார். இந்தியாவில் ஹாத்தி குழு 1975-ல் வணிகப்பெயர்களைப் படிப்படியாக ஒழிக்கப் பரிந்துரைத்தது. அது முழுமையாக நிறைவேறவில்லை.

தமிழ்நாடு வேறொரு வழியில் வென்றது. 1994-ல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளைப் பொதுப்பெயரில் மொத்தமாக வாங்குகிறது. மாதிரிகளைச் செய்தவர் யார் என்று தெரியாதபடி குறியீடு இட்டுச் சோதனைக்கூடங்களுக்கு அனுப்புகிறது. பிற மாநிலங்களும் இதைப் பார்த்துக் கற்றன. கடையில் வாங்குவோருக்காக 2008-ல் மத்திய அரசின் மக்கள் மருந்தகமும், 2025 பிப்ரவரியில் மாநில அரசின் முதல்வர் மருந்தகமும் தொடங்கின.

மருந்துச் சீட்டில் பொதுப்பெயரையே எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் விதி வெளியிட்டது. டாக்டர்கள் பலர் எதிர்த்ததால் அதே மாதம் அது நிறுத்தி வைக்கப்பட்டது. தரச் சோதனை போதாது என்பது அவர்கள் வாதம். அதை நான் தள்ளிவிடவில்லை. வலிப்பு நோய், தைராய்டு போன்றவற்றுக்கான சில மருந்துகளில் சிறிய மாற்றமும் தொல்லை தரலாம். ஆனால் அதற்கு மருந்து, சோதனையைக் கூட்டுவதே, பெயரை மறைப்பதன்று.

என்ன செய்ய வேண்டும்?

ஒரே மருந்துப் பொருள் உள்ள மாத்திரைகளில் பொதுப்பெயரை வணிகப்பெயரைவிடப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்பது 2018 முதல் விதி. நல்ல விதி; ஆனால் ஆயாவுக்கு ஆங்கிலம் தெரியாதே! பொதுப்பெயரைத் தமிழிலும் அச்சிட வேண்டும். ஒவ்வொரு மாத்திரையின் பின்னாலும் அது இருக்க வேண்டும். அப்போது எங்கு வெட்டினாலும் பெயர் பிழைக்கும்.

அதுவரை அந்த வேலையை நீங்கள் செய்யலாம். இன்று மாலை வீட்டிலுள்ள மருந்துப் பெட்டியைத் திறவுங்கள். ஒரு தாளில் மூன்று கட்டங்கள் போட்டு வணிகப்பெயர், பொதுப்பெயர், மில்லிகிராம் அளவு ஆகியவற்றை எழுதுங்கள். சளி மருந்தையும் விடாதீர்கள். அதிலும் பாரசிட்டமால் இருக்கக்கூடும். பெரியவர்களுக்குக்கூட அது ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கல்லீரல் கெடும். ஒரே பொதுப்பெயர் இருமுறை வந்தால் பெரியவர்களிடம் சொல்லி டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம்.

ஆயாவின் மாத்திரைப் பெட்டி மேல் இப்போது அவர் பேரன் தமிழில் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கிறது: ‘அம்லோடிபின் 5, காலை ஒன்று.’ ஆயாவின் கால் வீக்கம் வடிந்துவிட்டது. உங்கள் வீட்டுப் பெட்டி மேல் என்ன எழுதப் போகிறீர்கள்?