தூக்கிவிடாதீர்கள், துணை நில்லுங்கள்

வெளிநாடு சென்று திரும்பியவர்கள் பயணக் கட்டுரை எழுதுவது கல்லூரி மலர்களுக்குப் புதிதன்று. விமானம் ஏறியது முதல் இறங்கியது வரை வரிசையாகச் சொல்லி, 'அங்கே தெருக்கள்தாம் எத்துணைத் தூய்மை!' என்று வியந்து, 'நம் நாடும் ஒருநாள் அவ்வாறு ஆக வேண்டும்' என்று முடிப்பது மரபு. நானும் 2024 மே விடுமுறையில் மனைவி மக்களுடன் பிரான்சு நாட்டுக்குப் போய் வந்தேன். ஆயினும் இது பயணக் கட்டுரை அன்று. அங்கே ஒரு பாறையடியில் எட்டு வயது மகள் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். தந்தை என்ற முறையில் மட்டுமன்றி, ஆசிரியன் என்ற முறையிலும் அக்கேள்வி என்னைச் சுட்டது. அதைப் பற்றி என் கருத்தைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

என் துணைவியாரின் அண்ணன் காரைக்காலிலிருந்து சென்று பாரிசின் புறநகர் ஒன்றில் பல்லாண்டுகளாகக் குடியிருப்பவர். தங்க இடமும் உண்ண உணவும் அவர் பொறுப்பு. பல ஆண்டுச் சேமிப்பு விமானக் கட்டணத்தில் கரைந்தது. செலவழித்த பணத்துக்கு ஈடாக எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற பரபரப்பு எனக்கு. நாள்தோறும் ஒரு பட்டியல் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அந்தப் பட்டியலில் பாறை என்ற சொல்லே கிடையாது.

பாரிசுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் ஃபோந்தேன்புளோ என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள அரண்மனை பிரெஞ்சு மன்னர்கள் பலர் வாழ்ந்த இடம். 1981இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன் முற்றத்தில் குதிரை லாடம் போல் இருபுறமும் வளைந்திறங்கும் படிக்கட்டு ஒன்று உண்டு. முடி துறந்த நெப்போலியன் 1814 ஏப்ரல் 20 அன்று தன் பழைய காவற்படையினரிடம் அந்த முற்றத்தில்தான் விடைபெற்றான். வரலாறு கற்பிக்கும் நான் அந்த இடத்தைக் கண்டதும் வகுப்பறையில் நிற்பதாகவே எண்ணிக்கொண்டேன். உருசியப் படையெடுப்பில் தொடங்கி எல்பாத் தீவு வரை அரைமணி நேரம் விளக்கினேன். பேசி முடித்ததும், "ஏதாவது சந்தேகம் இருந்தாக் கேளுங்க" என்றேன். ஐந்து வயது மகன், "இந்தக் கைப்பிடியில சறுக்கலாமாப்பா?" என்று கேட்டான். மகளுக்குக் கால் வலி. என் மாணவர்கள் இத்தனை ஆண்டுகள் எவ்வளவு பொறுமை காத்திருக்கிறார்கள் என்பது அன்றுதான் விளங்கிற்று!

மைத்துனர் சிரித்தார். "மாப்பிள்ளை, பட்டியலைப் பைக்குள்ள வைங்க. நாளைக்குக் காட்டுக்குப் போவோம். புள்ளைங்க பாறை ஏறட்டும்" என்றார்.

அவ்வூரைச் சுற்றிலும் பெருங்காடு. காட்டுக்குள் ஆயிரக்கணக்கான மணற்பாறைகள் சிதறிக் கிடக்கின்றன. மூன்று கோடி ஆண்டுகளுக்கும் முன்பு அங்கே கடல் இருந்ததாம். கடல் விட்டுச்சென்ற வெண்மணல் இறுகிப் பாறையாயிற்று; மழையும் காற்றும் அதைக் குடைந்து உருட்டி விதவிதமாகச் செதுக்கின. லார்ஷான் என்னும் சிற்றூருக்கு அருகே யானை வடிவில் ஒரு பாறை நிற்கிறது. வேறோரிடத்தில் காட்டின் நடுவே கடற்கரை போல வெண்மணல் பரந்து கிடக்கிறது. கடல் மட்டுந்தான் இல்லை. என் மக்கள் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு அதில் புரண்டார்கள்.

இந்தப் பாறைகளை உடைத்துத்தான் ஒரு காலத்தில் பாரிசின் தெருக்களுக்குக் கல் பாவினார்கள். காட்டை ஒட்டிய பார்பிசோன் கிராமத்தில் தங்கி இயற்கையைத் தீட்டிய ஓவியர்கள் மரம் வெட்டுவதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். அதன் பயனாக 1861இல் ஆயிரம் எக்டேருக்கு மேற்பட்ட காடு, அழகின் பொருட்டே காக்கப்பட வேண்டிய பகுதியாக அரசாணையால் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவின் எல்லோசுடோன் தேசியப் பூங்கா தோன்றியது 1872இல்தான் என்பதை எண்ணினால் இதன் பெருமை விளங்கும். நெப்போலியனின் படையில் இருந்த தெனெகூர் என்பவர் 1842 முதல் இக்காட்டில் நடைபாதைகள் அமைத்து, வழி தவறாதிருக்க மரங்களிலும் பாறைகளிலும் நீல அடையாளம் தீட்டி வைத்தார். பேரரசன் விடைபெற்ற முற்றத்தை விட, அவனுடைய பழைய படைவீரன் ஒருவன் தீட்டிய நீலக் கோடுகளே என் குழந்தைகளுக்குப் பயன்பட்டன.

தெனெகூரின் வழியைப் பாறையேறுவோரும் பின்பற்றினர். 1947இல் பாறைகளில் வண்ணக் குறியிட்ட முதல் ஏறுபாதை அங்கே தோன்றியது. பாறைக்குப் பாறை அம்புக்குறியும் எண்ணும் எழுதப்பட்டிருக்கும். மஞ்சள் எளியது, ஆரஞ்சு, நீலம், சிவப்பு என்று கடுமை கூடிக்கொண்டே போய்க் கறுப்பில் முடியும். இவற்றுக்கெல்லாம் முன்னதாகக் குழந்தைகளுக்கென்றே ஒரு வண்ணம் உண்டு; அது வெள்ளை. கயிறு கிடையாது. குழந்தைகளின் பாறைகள் பெரும்பாலும் என் தோளுயரம்கூட இல்லை. கீழே மணலின் மேல் ஒரு தடித்த மெத்தையை விரித்து வைத்துக்கொண்டு ஏறுகிறார்கள். நுழைவுச்சீட்டு ஏதும் இல்லை.

முதல் நான்கு பாறைகளில் என் மகள் ஆட்டுக்குட்டி போல் ஏறினாள். ஐந்தாவதில் பாதியில் நின்றுவிட்டாள். ஒரு கால் மேலே. மறுகாலுக்கு இடம் தெரியவில்லை. முழங்கால் நடுங்கிற்று. பெற்ற மனம் பொறுக்குமா? நான் பாய்ந்து சென்று அவளை இடுப்பில் பிடித்துத் தூக்கி உச்சியில் உட்கார வைத்துவிட்டேன். "சபாஷ், ஏறிட்டியே!" என்று கைதட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. மேலிருந்து என்னைக் குனிந்து பார்த்துக் கேட்டாள்: "இப்ப ஏறினது யாருப்பா? நானா, நீங்களா?"

எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அவள் கண் கலங்கிற்று. மறுபுறமாக இறங்கி வந்து, நான் தொட்ட பாறையைக் கணக்கில் சேர்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அருகில் ஒரு மூதாட்டி தம் பேரனை ஏற்றிக்கொண்டிருந்தார். ஏற்றிக்கொண்டிருந்தார் என்பதுகூடத் தவறு. பேரன் ஏறினான், அவர் அவனுக்குப் பின்னால் இரு கைகளையும் உயர்த்தி, உள்ளங்கை விரித்து, தொடாமல் நின்றார். அவன் நகர்ந்தால் அவர் கைகளும் கூடவே நகர்ந்தன. என் நிலையைக் கண்டு ஏதோ சொன்னார். மைத்துனர் மொழிபெயர்த்தார்: "தூக்காதீங்கன்னு சொல்றாங்க. விழுந்தாத் தலை அடிபடாம, கால் மெத்தையில ஊனுற மாதிரி தாங்கினாப் போதுமாம்."

அன்று பிற்பகல் முழுவதும் அந்தக் கலையைப் பயின்றேன். அது எவ்வளவு கடினம் என்பது செய்து பார்த்தவர்க்கே தெரியும். தூக்கிவிடுவது ஒரு நொடி வேலை. தொடாமல் நிற்பதற்குக் கண் இமைக்காத கவனம் வேண்டும். குழந்தை திணறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நெஞ்சுரம் வேண்டும்.

நான் சொல்வதில் ஒரு பக்கத்தை மறைத்துவிடக் கூடாது. மகனை இரண்டாவது பாறையில் ஏற விட்டுவிட்டு நான் படமெடுக்கத் திரும்பிய வேளையில் அவன் சறுக்கினான். மெத்தைக்கு வெளியே ஒரு வேர் நீட்டிக்கொண்டிருந்தது. முழங்கை சிராய்த்து இரத்தம் வந்தது. என் துணைவியார், "பச்சைப் புள்ளைய வெச்சுக்கிட்டு உங்களுக்கு என்னங்க விளையாட்டு? ஊரு விட்டு ஊரு வந்து கையக் காலை உடைச்சுக்கணுமா?" என்று கடிந்துகொண்டார். அவர் கேட்டது முற்றிலும் நியாயம். பிழை பாறையுடையதன்று, காவலைக் கைவிட்ட என்னுடையது. அதன் பின் ஒவ்வொரு பாறையடியிலும் கல் இருக்கிறதா, வேர் இருக்கிறதா என்று பார்த்து, மெத்தையை இழுத்துப் போட்டு, இறங்கும் வழியையும் கண்டு வைத்த பிறகே ஏறவிட்டவர் அவர்தாம். அவருடைய அச்சம் குழந்தைகளைத் தடுக்கவில்லை, காத்தது. அச்சத்தை இவ்வாறும் பயன்படுத்தலாம் என்பதை நான் அவரிடம் கற்றேன்.

இடர் வரும் என்று ஏறவே விடாதிருப்பது ஒரு பிழை. இடரே இல்லை என்று கண்ணை மூடிக்கொள்வது மற்றொரு பிழை. அந்தக் காட்டில் துணிவைக் காட்டிலும் ஒழுங்கையே அதிகம் கண்டேன். மழை பெய்து பாறை ஈரமாக இருந்தால் ஏறமாட்டார்கள். நனைந்த மணற்பாறை வலுவிழந்து பிடிகள் உடைந்துவிடும். ஏறும் முன் காலணியின் அடியைத் துடைப்பார்கள். ஒட்டிய மணல் பாறையைத் தேய்த்துவிடும். இறங்கத் தெரியாத பாறையில் ஏறக்கூடாது என்று சிறுவர்க்கும் சொல்லித் தருகிறார்கள். கைப்பேசியில் படம் பிடிப்பதற்காக அருவி விளிம்பில் நிற்பதைத் துணிவு என்று எண்ணும் நம் இளைஞர்கள் இதைக் கருத வேண்டும்.

இனி, என் தொழிலுக்கு வருகிறேன். 'இப்ப ஏறினது யாரு?' என்ற கேள்வியை ஊர் திரும்பிய பின் வகுப்பறையில் வைத்துப் பார்த்தேன். மாணவன் ஒரு பாடத்தின் நடுவே திணறினால் நான் என்ன செய்கிறேன்? குறிப்புகளைச் சொல்லி எழுத வைக்கிறேன். 'முக்கிய வினாக்கள்' என்று பத்தைக் குறித்துக் கொடுக்கிறேன். அவன் தேர்ச்சி பெறுகிறான், நான் கைதட்டுகிறேன். இடுப்பைப் பிடித்து உச்சியில் உட்கார வைத்த வேலைதானே இதுவும்? என் மகளுக்கு இருந்த மானம் மாணவர்களுக்கும் உண்டு. அதைக் கேட்கவிடாமல் நாம்தாம் பழக்கிவிட்டோம் என்று அஞ்சுகிறேன்.

எதிர்வாதம் வரும் என்பதை அறிவேன். "நம் மாணவர்களில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். தூக்கிவிடாவிட்டால் கீழேயே நின்றுவிடுவார்களே" என்று நண்பர்கள் கேட்பார்கள். இது புறந்தள்ளத்தக்க வாதமன்று. ஆனால் ஃபோந்தேன்புளோவில் குழந்தையைக் கறுப்புப் பாதையின் அடியில் நிறுத்தி 'ஏறு' என்று விட்டுவிடவில்லை. அவன் உயரத்துக்கு ஏற்ற பாறைகளைத் தேடி, வெள்ளை வண்ணத்தில் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். வெயிலில் மங்கும் அந்தக் குறிகளைப் புதுப்பிப்பவர்களும் உண்டு. உதவி என்றால் அதுவே உதவி. எளிய முதற்படியை நம் பாடத்திலும் நாம் அமைத்துக் கொடுக்க வேண்டும். ஏறுவதை மாணவனிடம் விட வேண்டும். விழுந்தால் தாங்க அருகில் நிற்க வேண்டும். கைவிடுவதும் தூக்கிவிடுவதும் எளிய வேலைகள். இரண்டுக்கும் இடையில் நிற்பதே ஆசிரியப் பணி என்பது என் துணிபு.

"இதைக் கற்கப் பிரான்சுக்குப் போக வேண்டுமா?" என்றும் கேட்கலாம். வேண்டியதில்லை. சித்தன்னவாசல் குன்றில் ஏழடிப்பட்டத்துக்குச் செல்லும் இடத்தில் பாறையில் படிக்குழிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, அடுத்து வருபவன் கால் வைக்க இடம் செய்து வைத்தவர்கள் நம் மண்ணிலும் இருந்திருக்கிறார்கள். அவர்கள் படியைத்தான் வெட்டினார்கள். எவரையும் தூக்கிச் செல்லவில்லை.

அந்த ஆண்டு ஆகஸ்டில் பாரிசு ஒலிம்பிக்கின் பாறையேற்றப் போட்டிகளை என் மகள் வீட்டில் கண் கொட்டாமல் பார்த்தாள். உலகின் தலைசிறந்த வீரர்களே செயற்கைச் சுவரிலிருந்து திரும்பத் திரும்ப விழுந்தார்கள். எழுந்து, கையில் வெண்பொடி பூசிக்கொண்டு, மறுபடி சுவரை அண்ணாந்து பார்த்தார்கள். "இவங்களும் விழறாங்களேப்பா!" என்றாள், பெரும் நிம்மதியுடன்.

அவள் அந்தக் காட்டில் வெள்ளைப் பாதையை முடிக்கவில்லை. ஐந்தாம் பாறையை மறுநாள் தானே ஏறிவிட்டாள். ஒன்பதாம் பாறையில் ஆறு முறை முயன்றாள்; முடியவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் திரும்பினோம். நான் கை நீட்டவில்லை, அவளும் கேட்கவில்லை. ஊரில் யாராவது, "பாரிசுல என்னம்மா பார்த்தே?" என்று கேட்டால் ஈபிள் கோபுரத்தைச் சொல்வதில்லை. "எனக்கு ஒன்பதாம் நம்பர் பாக்கி இருக்கு" என்கிறாள்.

மாணவ நண்பர்களே, உங்களில் சிலருக்கும் பாக்கி இருக்கலாம். அதை நீங்கள் 'அரியர்' என்று சொல்கிறீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீங்களே ஏறிய நான்கு பாறைகள், பிறர் தூக்கி வைத்த உச்சியை விட உயரமானவை. மீண்டும் ஏறுங்கள். பின்னால் கை விரித்து நிற்கிறோம்.