கதவுக்கும் ஒரு முகத்துவாரம்

பழைய காரைப் புதுக்குவது பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவோர் நம்மிடையே பலர். இலக்கியப் பக்கத்தில் அதற்கு என்ன இடம் என்று கேட்போரும் இருப்பர். கைத்தொழிலறிவும் கல்வியே என்று கருதுவோர் சற்றுப் பொறுமையுடன் வாசிப்பார்களாக.

மொரிஸ் மைனரை அறியாதார் நம் நாட்டில் இலர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த அக்காரில், சீலைக் கூரையை மடக்கித் திறக்கும் வகையொன்றும் உண்டு; 1969 வரை அதனைச் செய்தார்கள். 1960களில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது, உள்ள கார்களைச் சாகவிடாமற் காக்கும் வித்தையை நம்மவர் கற்றுத் தேர்ந்தனர். அத்தேர்ச்சி எத்தகையதெனில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர், 1990களில் இலங்கைத் தொழிலாளரைக் கொண்டு தகடுகள் செய்வித்துத் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றார். பிறந்த வீட்டுக்கே மருந்து அனுப்பிய பெருமை நமக்குண்டு!

ஆயினும் மட்டக்களப்பு வாவியோரத்தில் இத்தகைய கார்கள் கறள் தின்று முடிவதைக் காண்கிறேன். எழுவான்கரையில் ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி, உப்புக்காற்று ஓய்வதில்லை. கச்சான் காலத்தில் வெயில் றப்பரை வறட்டுகிறது. மாரியில் மழை அவ்வெடிப்புகளைத் தேடி நுழைகிறது. இவ்வளவும் இயற்கை. ஆனால் கதவைக் கொல்வது பெரும்பாலும் இயற்கையன்று; உரிமையாளரின் அன்புதான் என்பது என் துணிபு.

விளக்குகிறேன். கதவின் கண்ணாடி ஏறி இறங்க வேண்டுமாகையால், அதன் இடுப்பளவில் ஒரு நீண்ட பிளவு இருந்தே தீரும். அங்குள்ள றப்பர் நீரை வழிக்குமேயன்றி முற்றாகத் தடுக்காது. புகும் நீர் கதவினுள்ளே இறங்கி அடிவிளிம்பை அடையும். அங்கே சிறு துளைகள் உண்டு. நீர் அவ்வழியே வெளியேறும். காரைச் செய்தவர்கள் நீரோடு போர் தொடுக்கவில்லை; அதற்கு வழிவிட்டார்கள். நாமோ, கறள் பிடிக்கும் என்றஞ்சித் தாரும் நிறப்பூச்சும் அப்பி அத்துளைகளை அடைத்துவிடுகிறோம். உப்பும் புழுதியும் கலந்த நீர் உள்ளேயே தேங்குகிறது. வெளியே பளபளக்கும் கதவு உள்ளிருந்து உக்குகிறது.

இதனை வாவிக்கரையார்க்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாரி வெள்ளம் பெருகும்போது பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரம் மணல்மேடிட்டுக் கிடந்தால் என்னவாகும் என்பதைப் படுவான்கரை உழவர் நன்கறிவர். வயலும் வளவும் மூழ்குமுன் மணலை வெட்டி வாயைத் திறக்கிறோம். கல்லாற்றுப் பக்கத்து வாய்க்கும் இதே கதை. கல்லடியில் டிங்கர் வேலைசெய்யும் முதியவர் ஒருவர், கதவடியில் பூச்சு அப்பிக்கொண்டிருந்த இளைஞனிடம், "மனே, தண்ணி வாறத்த மறிக்க ஏலா, போற வழிய அடச்சிராத" என்றார். நூலில் நான் இதைவிடத் தெளிவாகப் படித்ததில்லை.

கூரை மடக்கும் காரில் இன்னொரு சிக்கலும் உண்டு. மூடிய காரில் இரும்புக் கூரையே முன்தூணையும் பின்தூணையும் பிணைத்து நிற்கிறது. கூரை இல்லாத காரில் அச்சுமை தளத்துக்கும், கதவின்கீழ் நெடுக ஓடும் பெட்டிபோன்ற அடிச்சட்டத்துக்கும் வந்து சேர்கிறது. அடிச்சட்டம் கறள்பிடித்தால் கார் நடுவில் தொய்யும்; தூண்கள் மேலே நெருங்கும்; கதவு சரியாகச் சாத்தாது. உடனே பிணைச்சலைப் பழிக்கிறோம், அல்லது தடித்த பீடிங் வாங்கிவந்து இடைவெளியை நிரப்பப் பார்க்கிறோம். நோய் காலில் இருக்க நெற்றியிற் பற்றுப் போடும் வைத்தியம் இது. வண்டியைத் தாங்கி நிறுத்தி, கதவு வாயிலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி பிணைத்த பின்னரே பழைய சட்டத்தை வெட்டவேண்டும். புதிய சட்டத்தை முற்றாக ஒட்டுமுன் கதவை மாட்டிச் சுற்றிலும் இடைவெளி பார்க்கவேண்டும். றப்பர் எல்லாவற்றுக்கும் கடைசி.

அந்த றப்பரைப் பற்றியும் ஒரு சொல். ஜோசப் ஹூக்கரின் கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகள் 1876இல் கம்பஹா ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்த நாள்தொட்டு நாம் றப்பர் நாட்டினர். எனினும் நமது மரத்துப் பாலே எதற்கும் சிறந்தது என்னும் நாட்டுப்பற்று இவ்விடத்திற் செல்லாது. இழுபட்டு நிற்கும் இயற்கை றப்பரைக் காற்றிலுள்ள ஓசோன் வாயு வெடிக்கச் செய்யும். வளைவுகளிலேதான் வெடிப்பு முதலில் தோன்றும். வெயிலில் நிற்கும் பீடிங்குக்கு இ.பி.டி.எம். என்னும் செயற்கை றப்பரே ஏற்றது. அதனையும் வார்த்தெடுக்கும் திறன் நமக்கில்லையா? கைத்தொழில் வாகனங்களின் திண்ம டயர்களை உலகுக்கு அனுப்பும் நாடு, ஒரு கதவுக்கான பீடிங்கை இங்கிலாந்திலிருந்து வரவழைப்பது எனக்கு நாணமாகவே இருக்கிறது.

2020இல் விதித்த வாகன இறக்குமதித் தடை 2025 வரை நீடித்தபோது, பழையதைப் பேணும் கையின் அருமை பலர்க்குத் தெரிந்தது. அக்கைகள் இன்று மூப்படைகின்றன. அவர்கள் அறிந்ததை எழுதிவைத்தோர் மிகச் சிலர். தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியர்கள், மாணவரை இம்முதியோரிடம் ஒரு தவணை அனுப்பி, அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே, கறளைக் கறள் என்றும் பிணைச்சலைப் பிணைச்சல் என்றும், குறித்துவரச் செய்யலாம். பணம் அதிகம் வேண்டா.

முதற்பாடத்துக்கு ஒரு துண்டுக் கடதாசியே போதும். கதவின் விளிம்பில் அதனை வைத்துச் சாத்தி, மெல்ல இழுக்கவேண்டும். தடையின்றி வந்தால் அவ்விடத்திற் பீடிங் படியவில்லை. கிழிந்தால் மிகையாக இறுகியிருக்கிறது. ஒரு சாண் தள்ளி மீண்டும் வைக்கவேண்டும். கதவைச் சுற்றிவர அரைமணி நேரம் பிடிக்கும்.