பாயில் இல்லாத பெயர்

சென்ற விடுமுறையில், கொற்கையூரனாகிய என் நண்பனும் யானும் பாளையங்கோட்டையில் நடந்த ஒரு கைத்தொழிற் காட்சிக்குச் சென்றிருந்தோம். பலவகைப் பொருள்கள் ஆங்கிருப்பினும், எங்கள் கண்ணையும் கருத்தையும் ஒருங்கே கவர்ந்தது பத்தமடைப் பாய் ஒன்றேயாம். தாமிரபரணிக் கரைக் கோரையைக் கீறி உலர்த்தி, நீரில் பல நாள் ஊறவிட்டு, மீண்டும் நுண்ணிழைகளாக்கிப் பாவுநூலிற் கோத்து நெய்த அப்பாய் பட்டெனவே மடிந்து கிடந்தது. அது மணப்பாய், மணமக்கள் பெயர்கள் அதில் நெய்யப்பட்டிருந்தன. அருகில் தொங்கிய சீட்டில் ஊரும் விலையும் இருந்தன. நெய்தவர் பெயரை மட்டும் எங்கும் காணோம். அங்கு நின்றவரை வினவினேன். "அது எதுக்குத் தம்பி?" என்று அவர் நகைத்தார்.

வெளியே வந்ததும் நண்பன் அவர் பக்கமே பேசினான். "ஜப்பானிய அறிஞர் யானகி சோயெத்சு, பெயரறியாக் கைவினைஞர் அன்றாடப் பயனுக்கெனச் செய்த பொருள்களிலேயே மெய்யழகு உறைகின்றது என்று கொண்டு, 1936-இல் டோக்கியோ நகரில் ஓர் அருங்காட்சியகமே நிறுவினார். அந்நாட்டின் வடபால், பருத்தி விளையாக் குளிர்நிலத்து ஏழைப் பெண்கள் கந்தலோடு கந்தல் சேர்த்துத் தைத்த போர்வைகள் இன்று கலைப்பொருள்களாகக் காட்சியில் தொங்குகின்றன. தைத்தவரை யார் அறிவார்? அதனால் அழகு குறைந்ததோ? பெயரின்மை அடக்கமன்றோ?" என்றான்.

அழகு குறையவில்லை என்பதை யானும் ஒப்புகின்றேன். ஆயினும், அடக்கம் என்பது செய்தவர் தாமே மேற்கொள்ளும் அறம்; வாங்குவோர் மறந்துவிட்டு அம்மறதிக்கு அடக்கமெனப் பெயரிடுதல் முறையாகாது. அப்போர்வைகளைத் தைத்தோரில் பலர் மறைந்தனர். இனிக் கேட்டறிய வழியில்லை. பத்தமடையில் நெய்பவரோ இன்றும் நம்மோடு வாழ்கின்றனர். கேட்டால் பெயர் சொல்வர்.

யாத்திராகமம் ஆசரிப்புக் கூடாரத்தைப் பற்றிக் கூறுமிடத்துக் காணிக்கை கொடுத்த சபையாரைத் தொகையாகக் கூறிச் செல்கின்றது. சித்திரத் தையலில் வல்ல அகோலியாபையோ தந்தை பெயரும் கோத்திரமும் சுட்டிக் கூறுகின்றது. இதற்கு மாறானதைக் காண நண்பனின் ஊரே சாலும். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்க நூல் கொற்கைப் பகுதியின் முத்துக்குளிப்பைக் கூறுகின்றது. ஆனால் குளித்தோரைத் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. முத்து புகழ்பெற்றது, மூச்சடக்கி மூழ்கியவன் பெயரிலியானான்.

இது புகழ் பற்றிய வழக்கு மட்டுமன்று. பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. அது ஊரின் பெயரைக் காக்கும். ஆனால் பெயரற்ற கைக்குப் பேரம் பேசும் வலிமை ஏது? நெய்பவரில் பெரும்பாலார் லெப்பைக் குடும்பத்துப் பெண்கள். பெயரும் இன்றித் தக்க கூலியும் இன்றிப் போகுமாயின், எந்தத் தாய் தன் மகளுக்கு இத்தொழிலைக் கற்பிக்க விழைவாள்?

ஆதலின் காட்சி நடத்துவோர்க்கும், இத்தகைய காட்சியை நம் கல்லூரியில் என்றேனும் நடத்தப்போகும் மாணவ நண்பர்க்கும் யான் வேண்டுவது ஒன்றே: நெய்தவர் இசைவு பெற்று, அவர் பெயரையும் நெய்தற்குச் சென்ற நாள்களையும் விலைச்சீட்டில் முதல் வரியாக எழுதுக. விலை அதன் கீழே நிற்கட்டும்.

பேருந்தில் ஏறுமுன் நண்பன், "பெயர் வேண்டாம் என்று அவர்களே சொன்னால்?" என்றான். "அப்பொழுது அது அடக்கம், முதலிற் கேட்போம்" என்றேன்.