நியமிக்க ஒரு விதி, நீக்க வேறொரு விதி

இங்கிலாந்தில் பொது மருத்துவமனைகள் பல, 2004 முதல் ‘பவுண்டேஷன் டிரஸ்ட்’ என்னும் அமைப்புகளாயின. கூட்டுறவு மரபைத் தழுவி எழுந்த ஏற்பாடாதலின் நம் அங்கத்தினர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. ஊர்மக்கள் அங்கத்தினராகலாம். ‘கவர்னர்கள்’ எனப்படும் பிரதிநிதிகளின் குழுவில் பாதிக்கு மேற்பட்டோர், ஊழியரல்லாத அங்கத்தினர்களால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும்.

தலைமை நிர்வாகியை அமர்த்துவோர், நிர்வாகப் பதவி வகிக்காத இயக்குநர்கள். பிரதிநிதிக் குழு ஒப்பினாலன்றி அந்நியமனம் செல்லாது என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. மிக நன்று. ஆனால் அதே நிர்வாகியை நீக்குவதற்கு அக்குழுவின் இசைவை அச்சட்டம் வேண்டவில்லை. வரவேற்க அழைக்கப்பட்டோர், வழியனுப்பும்போது திண்ணையிலும் இல்லை!

இயக்குநர்களையே நீக்கும் உரிமை குழுவுக்கு உண்டே எனலாம். அதற்கு நான்கில் மூன்று பங்கினர் இசைய வேண்டும். நிர்வாகி போனபின் அவ்வுரிமையால் யாது பயன்? நோயாளிகளின் நலன் கருதி நீக்கம் விரைந்து நடைபெற வேண்டும் என்பதை நானும் ஒப்புகிறேன். காரணத்தையேனும் குழுவின்முன் வைத்தலாகாதா?

குழு இருந்தால் மட்டும் போதாது என்பதும் மெய்யே. மிட் ஸ்டாபர்ட்ஷயர் மருத்துவமனை 2008-இல் இவ்வமைப்பினுள் வந்தது. அதன் நிர்வாக சபை நிதியிலும் இலக்குகளிலும் கருத்தூன்றி, நோயாளிகளின் குறைகளுக்குச் செவிசாய்க்கத் தவறியதை 2013-இல் பிரான்சிஸ் விசாரணை அறிக்கை கடிந்துரைத்தது. அதற்கு மருந்து, குழுவுக்கு வலுவூட்டுவதே. 2025-இல் அரசு வெளியிட்ட பத்தாண்டுத் திட்டமோ, அத்தகைய குழு இருந்தே தீரவேண்டும் என்னும் விதியையே அகற்ற முற்பட்டது. அவ்விதி போனால், நியமனத்திலும் ஊராரின் சொல்லுக்கு இடமிராது.