பாலிசியையும் பிரித்துப் பார்த்து வாங்குவோம்

மிளகாய் மூட்டை வந்திறங்கினால் குத்திப் பார்த்து, மாதிரி எடுத்துத்தான் இறக்குகிறோம். மூட்டைக்கு அரைக் கிலோ எடை குறைந்தாலும் அனுப்பியவரைக் கூப்பிட்டுக் கேட்கிறோம். அதே நாம் 20,000, 30,000 என்று பிரீமியம் கட்டி வாங்கும் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியை மட்டும் உறை பிரிக்காமல் பீரோவில் வைத்துவிடுகிறோம். ஆஸ்பத்திரி பில் வரும்போதுதான் அதில் உள்ளது தெரிகிறது. அப்போது கரைவது கடையின் முதல்.

காப்பீடு வியாபாரிக்கு அவசியம் வேண்டும். ஆனால் "எத்தனை லட்சத்துக்கு?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "எதற்கெல்லாம் கொடுக்க மாட்டீர்கள்?" என்றும் கேட்டு வாங்க வேண்டும் என்பதே என் கருத்து.

முதலாவது, காத்திருப்புக் காலம். புதுப் பாலிசியில் பொதுவாக முதல் 30 நாட்களுக்கு விபத்துச் சிகிச்சை தவிர வேறெதற்கும் பணம் கிடைக்காது. சர்க்கரை, ரத்த அழுத்தம் போல ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 3 ஆண்டுகள் வரை காத்திருக்க நேரலாம். 2024க்கு முன் இது 4 ஆண்டுகள் வரை இருந்தது. எனவே உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுப்பதுதான் லாபம்.

இரண்டாவது, அறை வாடகை. நாள் வாடகை 5,000 ரூபாய் வரை என்று வரம்பு உள்ள பாலிசியை வைத்துக்கொண்டு 10,000 ரூபாய் அறையில் படுத்தால், வாடகையில் மட்டும் பாதி போகும் என்று நினைக்கிறோம். அப்படியல்ல. பல பாலிசிகளில் டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் ஆகியவற்றிலும் அதே விகிதத்தில் பிடித்துவிடுவார்கள். இவை 2,00,000 என்றால் 1,00,000 நம் தலையில்.

மூன்றாவது, நம் பங்கு. 20 சதவீதம் நம் பங்கு என்று இருந்தால், 3,00,000 ரூபாய் பில்லில் 60,000 நாம் கட்ட வேண்டும். பிரீமியம் குறைவாக இருக்கிறதே என்று மகிழும் முன் இதைப் பார்க்க வேண்டும்.

நான்காவது, விண்ணப்பப் படிவம். ஏஜெண்டே நிரப்பட்டும் என்று வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. சர்க்கரை இருப்பதை மறைத்தால், பணம் கேட்கும் நேரத்தில் அதையே காரணம் காட்டி மறுத்துவிடலாம். கையெழுத்து நம்முடையது, பொறுப்பும் நம்முடையதே.

பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் படித்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க வழி உண்டு. சிறு பிடித்தம் போக மீதிப் பணம் வரும். புதுப்பிக்கும் தேதியையும் பேரேட்டில் குறித்து வையுங்கள். கெடுவைத் தவறவிட்டால் காத்திருந்த காலம் வீணாகலாம்.

நியாயமான கோரிக்கையைக் கம்பெனி மறுத்தால் சும்மா இருக்க வேண்டாம். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் தீரவில்லை என்றால் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் உண்டு, கட்டணம் கிடையாது.

நமது சங்கம் ஒரு மாதக் கூட்டத்தை இதற்கென ஒதுக்கி, உறுப்பினர்கள் தங்கள் பாலிசிகளைக் கொண்டுவந்து விளக்கம் பெற ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். வரி விஷயத்துக்குக் கூடும் நாம், உயிர் விஷயத்துக்கும் கூடுவோம்.