கமாவுல என்ன இருக்கு?

ஞாயித்துக்கிழமை சாயந்திரம் விமான் நகர்ல நம்ம தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்தா ரெண்டே பேச்சுதான். நல்ல இட்லி அரிசி எங்க கிடைக்கும், பிள்ளைங்களோட இங்கிலீஷ் எப்படி இருக்கு. போன வாரம் நண்பர் ஒருவர் அடிச்சுச் சொன்னார்: "அர்த்தம் புரிஞ்சா போதும் சார். கமா, கோலனெல்லாம் யார் பார்க்கறா?"

பார்க்காம விட்டு அசிங்கப்பட்டவன் சொல்றேன், கேளுங்க.

சில வருஷம் முன்னாடி எங்க கிளையில ஒரு நோட்டீஸ் ஒட்டினேன். 'கஸ்டமர்ஸ், ஹூ ஹாவ் நாட் சப்மிட்டட் கேஒய்சி, கெனாட் வித்ட்ரா கேஷ்.' மூச்சு விடற இடத்துல எல்லாம் கமா. பள்ளிக்கூடத்துல அப்படித்தானே சொல்லிக் கொடுத்தாங்க? மறுநாள் ஒரு மராத்திப் பெரியவர், ரிட்டயர்ட் இங்கிலீஷ் வாத்தியார், கையில பாஸ்புக்கோட வந்து நின்னார். "சாஹேப், நான் எல்லாப் பேப்பரும் கொடுத்தாச்சே, என் பென்ஷனும் கிடையாதா?"

அவர் படிச்சதுதான் சரி. கமா இல்லேன்னா, கேஒய்சி கொடுக்காதவங்களுக்கு மட்டும் தடை. கமா போட்டா, யாருமே கொடுக்கலை, எல்லாருக்கும் தடை.

கோர்ட்டுக்குப் போனா இன்னும் தமாஷ். முகமது ஷபீர் எதிர் மகாராஷ்டிர அரசுன்னு உச்ச நீதிமன்ற வழக்கு, 1979 சட்டத் தொகுப்புகள்ல இருக்கு. மருந்துச் சட்டத்தோட 27ஆம் பிரிவுல அப்ப 'ஸ்டாக்ஸ் ஆர் எக்ஸிபிட்ஸ் ஃபார் சேல்'னு இருந்துச்சு. 'ஸ்டாக்ஸ்' பக்கத்துல கமா இல்லை. அதனால விற்பனைக்காக வச்சிருந்தாதான் அந்தப் பிரிவுல குற்றம், சும்மா வச்சிருந்தா இல்லைன்னு தீர்ப்பு. அமெரிக்காவுல மெய்ன் மாநிலச் சட்டத்துல ஒரு கமா விட்டுப்போச்சு. ஓக்ஹர்ஸ்ட் பால் கம்பெனி ஓவர்டைம் கேட்ட டிரைவர்களோட 2018ல 50 லட்சம் டாலருக்கு சமாதானம் ஆச்சு. யார் பார்க்கறான்னு இப்பக் கேளுங்க!

தமிழ்ல 'அண்ணனும் தம்பியும் மாமாவும்'னா அந்த 'உம்'மே வேலையை முடிச்சுடும். இங்கிலீஷ்ல அந்தப் பாரத்தைப் புள்ளிதான் சுமக்கணும். நமக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். பழகிக்கலாம். கோலனும் கஷ்டமில்லை. முன்னாடி ஒரு முழு வாக்கியம் இருக்கணும். 'தி டாக்குமெண்ட்ஸ் ஆர்'னு பாதியில நிறுத்திக் கோலன் போடாதீங்க. 'வி நீட் த்ரீ டாக்குமெண்ட்ஸ்'னு முடிச்சுட்டுப் போடுங்க.

பிள்ளைங்க உச்சரிப்புக்கு ஆயிரம் ஆயிரமாக் கட்டறோம். அவங்க எழுதற ஒரு மெயிலை உட்கார்ந்து படிச்சுத் திருத்தியிருக்கோமா? பேச்சு காத்தோட போயிடும். கையெழுத்துப் போட்ட காகிதம் நம்மளை விடாது.

கோலன் தெரியாதுன்னு மட்டும் சாக்கு சொல்லாதீங்க மக்களே. சிரிப்பான் போடத் தெரியுதே :-)